துருக்கியியல் என்றால் என்ன? ராட்லோஃபின் வாழ்க்கை வழியே ஓர் அறிமுகம்

துருக்கியியல் என்ற சொல்லை முதன்முறையாகக் கேட்பவர்கள், அது துருக்கி என்ற நாட்டைப் பற்றிய படிப்பு என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நாடும் அதன் மொழியும் இத்துறைக்குள் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் துறையின் பரப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது. இஸ்தான்புல்லில் பேசப்படும் மொழிக்கு உறவான மொழிகள் அசர்பைஜான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய நாடுகளிலும், சீனத்தின் மேற்கு ஓரத்தில் வாழும் உய்குர்களிடமும், வோல்கா ஆற்றங்கரைத் தாத்தார்களிடமும், சைபீரியாவின் வடகிழக்கில் வாழும் சாகா மக்களிடமும் வழங்குகின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட இந்த மொழிகளைப் பேசுவோர் 15 கோடிக்கும் அதிகம். வேறு சில மொழிகளில் நாட்டின் மொழிக்கு ஒரு பெயரும் குடும்பம் முழுமைக்கும் இன்னொரு பெயரும் தனித்தனியாக உண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒன்றையே சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். ஆகவே இக்கட்டுரையில் நாட்டின் மொழியைத் 'துருக்கி மொழி' என்றும், குடும்பத்தைத் 'துருக்கிய மொழிகள்' என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

அடுத்து வரும் ஐயம், மொழியை ஆராய்கிற துறை நாட்டார் கதைகளையும் பழங்கால வரலாற்றையும் ஏன் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது என்பது. துருக்கிய மக்களில் பெரும்பகுதியினர் பல நூற்றாண்டுகள் மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பாலானவை சீனர், அரபியர், பாரசீகர், ரஷ்யர் என்று அக்கம்பக்கத்தார் எழுதி வைத்தவை. அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னவற்றைக் கேட்க வேண்டுமானால், பாடகனின் வாயிலிருந்து கேட்க வேண்டும் அல்லது புல்வெளியில் நிற்கும் கல்லிலிருந்து படிக்க வேண்டும். இரண்டுக்கும் முதலில் மொழி தெரிந்தாக வேண்டும். மூன்று வேலைகளும் ஒருவர் தலையிலேயே வந்து விழுந்த காலத்தில் வாழ்ந்தவர் வில்ஹெல்ம் ராட்லோஃப். அவருடைய வாழ்க்கையைப் பின்தொடர்வதே இத்துறைக்குள் நுழைவதற்கு எளிய வழி என்று நினைக்கிறேன்.

1837இல் பெர்லினில் பிறந்த ராட்லோஃப், அங்கேயே பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கணம் பயின்று, 1858இல் ஜெனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் ரஷ்யத் தலைநகரான பீட்டர்ஸ்பர்குக்குப் போனார். ஆசிய மொழிகளை அவற்றைப் பேசுகிறவர்களிடமிருந்தே கற்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். 1859இல் அவருக்குக் கிடைத்த வேலையோ, சைபீரியாவில் ஓப் ஆற்றங்கரையில் வெள்ளி உருக்கும் ஆலைகளால் வளர்ந்த பர்னவுல் நகரின் சுரங்கப் பள்ளியில் ஜெர்மனும் லத்தீனும் கற்பிப்பது. படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் தொடர்பே இல்லை. ஆனால் தெற்கே அல்தாய் மலைகளும், தென்மேற்கே கசாக்குகளின் புல்வெளியும் இருந்தன. குளிர்காலம் முழுவதும் லத்தீன் வேற்றுமைகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கோடை பிறந்ததும் குதிரையேறிவிடுவார். 1871 வரை அங்கே இருந்தார்.

அந்தப் பயணங்களில் அவர் காதில் விழுந்த மொழிகள் எப்படிப்பட்டவை என்பதை ஒரே ஒரு சொல்லைக் கொண்டு காட்டலாம். துருக்கி மொழியில் 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' என்றால் வீடுகள். 'எவ்லெரிமிஸ்' என்றால் எங்கள் வீடுகள். 'எவ்லெரிமிஸ்தென்' என்றால் எங்கள் வீடுகளிலிருந்து. வேர்ச்சொல் சிதையாமல் முன்னே நிற்க, பன்மை, உடைமை, வேற்றுமை என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஒட்டு, வரிசை மாறாமல் பின்னே வந்து சேர்கிறது. இத்தகைய மொழிகளை ஒட்டுநிலை மொழிகள் என்பார்கள். வீடு, கள், இல், இருந்து என்று அடுக்கிப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. 'எங்கள்' என்பதையும் பின்னொட்டாக்கிவிடுகிறார்களே என்பது ஒன்றுதான் புதிது. வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதும் நம்மைப் போலவே. இலத்தீனிலும் ஜெர்மனிலும் வளர்ந்த ஒருவருக்குத்தான் இது தலைகீழ் உலகமாகத் தோன்றியிருக்கும்.

நமக்கும் புதிதான ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் பன்மை 'எவ்லெர்' என்றால், 'அத்' என்ற குதிரைக்குப் பன்மை 'அத்லெர்' ஆகாது. 'அத்லார்' என்றுதான் ஆகும். வேர்ச்சொல்லின் உயிர் வாயின் முன்பகுதியில் பிறப்பதானால் ஒட்டின் உயிரும் முன்னுயிராகும். பின்பகுதியில் பிறப்பதானால் ஒட்டும் பின்னுயிரை ஏற்கும். இதற்கு உயிரொலி இயைபு என்று பெயர். தமிழில் 'கள்' எந்தச் சொல்லோடு சேர்ந்தாலும் தன் உயிரை மாற்றிக்கொள்வதில்லை. துருக்கிய மொழிகளிலோ பெரும்பாலான ஒட்டுகள் இரட்டை உருவத்தோடு காத்திருக்கின்றன. சிறிய இலக்கணச் செய்தி போலத் தோன்றும் இந்த இயைபு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் யாராலும் படிக்க முடியாமல் கிடந்த கல்வெட்டுகளைத் திறக்கும் சாவிகளில் ஒன்றாகப் பின்னால் பயன்பட்டது. அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

ராட்லோஃப் அல்தாய் மக்களிடமும், அபக்கான் ஆற்றுப் பகுதியினரிடமும், கசாக்குகளிடமும் கேட்ட கதைகள், பாடல்கள், விடுகதைகள், பழமொழிகள் ஆகியவற்றை அந்தந்த வழக்கிலேயே எழுதி, 1866 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 1907 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. பிந்தையவற்றில் சிலவற்றைப் பிறர் தொகுத்தனர். எழுதுவது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டாலும், அது எளிய வேலை அன்று. பல வழக்குகளுக்கு அப்போது எழுத்தே இல்லை. இருந்த இடங்களிலும் அரபி எழுத்து, துருக்கிய மொழிகளின் எட்டு ஒன்பது உயிரொலிகளை வேறுபடுத்திக் காட்டப் போதவில்லை. ஆகவே ரஷ்ய எழுத்துகளை அடிப்படையாக வைத்து, தேவைப்பட்ட இடங்களில் புதிய குறிகளைச் சேர்த்து, ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறையை அவர் அமைத்துக்கொண்டார். அந்தக் குறிகளை இன்று பார்க்கிறவர்களுக்குக் கண் வலிக்கும். ஆனால் எந்த ஊரில் எந்த உயிர் எப்படி ஒலித்தது என்பதை அவை கைவிடாமல் காட்டுகின்றன.

1862லும் 1869லும் கிர்கிஸ் மக்களிடையே அவர் செய்த பயணங்கள் தனியாகச் சொல்லத் தக்கவை. இசிக்குல் ஏரிக்குக் கிழக்கேயும் மேற்கேயும் சென்று, மனாஸ் என்ற வீரனைப் பற்றிய காப்பியத்தின் பகுதிகளைப் பாடகர்களிடமிருந்து அவர் எழுதியெடுத்தார். இதற்கு முன்னரே, 1856இல், சொக்கான் வலிகானோவ் என்ற கசாக் அறிஞர் இக்காப்பியத்தின் ஒரு பகுதியைப் பதிவு செய்திருந்தார். ராட்லோஃபின் பதிவுகள் 1885இல் ஐந்தாம் தொகுதியாக வெளிவந்தன. அதன் முன்னுரைதான் உலகெங்கும் நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் இடம்.

பாடகன் நீண்ட காப்பியத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான் என்றுதான் அதுவரை பலர் எண்ணியிருந்தனர். அப்படி இல்லை என்று ராட்லோஃப் அந்த முன்னுரையில் காட்டினார். வீரனின் பிறப்பு, அவன் வளர்ந்த விதம், குதிரையின் அழகு, ஆயுதம் பூணுதல், போருக்கு முன் எதிரிகள் பேசிக்கொள்ளும் வீறாப்பு, விருந்தின் ஆரவாரம் என்று ஆயத்தமாக உள்ள கூறுகள் பல ஒவ்வொரு பாடகனின் கையிருப்பிலும் இருக்கின்றன. எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பார்த்து, அவற்றை அவன் நீட்டியும் குறுக்கியும் அந்தக் கணத்திலேயே கோத்துப் பாடுகிறான். கையிருப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நாள் அவனால் பாட முடியும். நிகழ்ச்சிகளைச் சொல்லிப் போக விரைவான ஒரு மெட்டும், பாத்திரங்களின் பேச்சுக்கு நிதானமான இன்னொரு மெட்டும் இருந்தன என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

இதற்கு அவர் தரும் சான்று ஒன்று சுவையானது. ராட்லோஃபை ரஷ்ய அரசின் அதிகாரி என்று எண்ணிக்கொண்ட பாடகன், மனாஸ் பிறந்த நாளிலிருந்தே வெள்ளை ஜாரின், அதாவது ரஷ்யப் பேரரசனின், நண்பன் என்று கதைக்குள் ஓர் இழையை நுழைத்துப் பாடிவிட்டான். வந்திருக்கும் விருந்தாளிக்கு ஏற்ற மாதிரி கதை வளைந்தது. இதைக் கலப்படம் என்று ஒதுக்காமல், வாய்மொழிக் கலை இயங்கும் விதத்துக்கே இதுதான் சான்று என்று புரிந்துகொண்டதில் ராட்லோஃபின் நுட்பம் தெரிகிறது. தம் பதிவின் குறையையும் அவர் மறைக்கவில்லை. மடமடவென்று பாடிப் பழகியவர்களை, எழுதும் கைக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னால் அவர்களுக்கு இழை அறுந்துபோகிறது. ஆகவே நேரில் கேட்ட உயிர்ப்பு தாளில் முழுதாக ஏறவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் ஒப்புக்கொள்ளாத ஒரு குறை உண்டு. அந்தப் பாடகர்களின் பெயர்களை அவர் பதிவு செய்யவே இல்லை. ஒவ்வொரு பாடகனும் தனித்த படைப்பாளி என்று உலகுக்குச் சொன்னவரே, படைத்தவன் பெயரை விட்டுவிட்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, மில்மன் பாரி என்ற அமெரிக்கர் ஹோமரின் காப்பியங்கள் எப்படி உருவாகியிருக்கும் என்று அறிய யூகோஸ்லாவியப் பாடகர்களைப் பதிவு செய்தபோது, ராட்லோஃபின் இந்த முன்னுரை அவருக்கு வழிகாட்டிகளில் ஒன்றாக இருந்தது. மனாஸ் காப்பியத்தின் முழு அளவு அதற்கும் பிறகுதான் தெரிந்தது: 20ஆம் நூற்றாண்டில் சயாக்பாய் கராலாயேவ் என்ற ஒரே பாடகரிடமிருந்து ஏறத்தாழ 5 லட்சம் அடிகள் எழுதியெடுக்கப்பட்டன.

1871க்குப் பிறகு ராட்லோஃப் வோல்கா கரையிலுள்ள கசான் நகருக்கு மாறி, தாத்தார், பாஷ்கிர், கசாக் பள்ளிகளின் ஆய்வாளராகப் பணியாற்றினார். நிர்வாக வேலை மிகுந்த அந்த ஆண்டுகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போதுவா தெ கூர்த்தனே என்ற மொழியியலாளரைச் சுற்றி அங்கே கூடிய வட்டத்தோடு பழகியது அவருடைய ஒலியியல் பார்வையைக் கூர்மையாக்கியது. வடக்குத் துருக்கிய மொழிகளின் ஒலியியலைப் பற்றிய அவருடைய நூல் 1882இல் வந்தது.

இந்த இடத்தில், ஒரு மொழி இன்னொன்றுக்கு உறவு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதை விளக்கிவிட வேண்டும். ஒட்டுநிலை அமைப்பு ஒத்திருக்கிறது என்பதால் மட்டும் தமிழும் துருக்கியும் உறவாகிவிடுமா? 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் அப்படி ஓர் உறவைத் தேடியவர்தான். துருக்கியம், பின்னியம், மங்கோலியம் முதலியவற்றை ஒன்றாக்கிச் 'சித்திய மொழிகள்' என்று அழைத்து, திராவிட மொழிகளை அவற்றோடு இணைக்க அவர் முயன்றார். இன்றைய அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. வீடு கட்டும் முறை ஒன்றாக இருப்பதால் இரு வீட்டாரும் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். உறவுக்கு அடையாளம், அடிப்படைச் சொற்களில் ஒலிகள் ஒழுங்காக ஒன்றுக்கொன்று நேர்படுவது.

கால் அல்லது பாதம் என்பதற்கான துருக்கியச் சொல்லைப் பாருங்கள். பழங்கல்வெட்டுகளின் மொழியில் அது 'அதக்'. துருக்கி மொழியிலும் கசாக்கிலும் அது 'அயக்'. ராட்லோஃப் பயணம் செய்த அபக்கான் பகுதியின் ககாஸ் மொழியில் 'அஸக்'. சாகா மொழியில் 'அத்தக்'. வோல்கா கரையில் பேசப்படும் சுவாஷ் மொழியிலோ 'உரா'. தகரம் நின்ற இடத்தில் ஒரு கிளையில் யகரமும், இன்னொன்றில் ஸகரமும், வேறொன்றில் ரகரமும் வருகின்றன. இது தற்செயலாக இருந்தால் ஒரு சொல்லோடு நின்றுவிட வேண்டும். ஆனால் அதே நடு ஒலியைக் கொண்ட பிற சொற்களிலும் இதே வரிசை மீண்டும் மீண்டும் கிடைக்கிறது. துருக்கிய மொழிகளைக் கிளை பிரிப்பவர்கள் இன்றும் இந்தச் சொல்லை உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒப்பீட்டைச் செய்ய வேண்டுமானால் எல்லா வழக்குகளின் சொற்களும் ஒரே இடத்தில் திரட்டப்பட்டிருக்க வேண்டும். 1884இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் உறுப்பினரான ராட்லோஃப் அந்தப் பணியையும் மேற்கொண்டு, ரஷ்யனிலும் ஜெர்மனிலும் பொருள் தரும் துருக்கிய வழக்குச் சொல்லகராதியை 1893 முதல் 1911 வரை நான்கு பெரும் தொகுதிகளாக முடித்தார். அவசரமும் பிழைகளும் அதில் உண்டு என்று பின்வந்தவர்கள் சுட்டியிருக்கிறார்கள். சுட்டியவர்களும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

இனி, கல்லுக்கு வருவோம். 1889இல் ரஷ்ய ஆய்வாளர் நிக்கோலாய் யாத்ரின்ட்செவ், மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எழுத்துகள் நிறைந்த பெரிய நினைவுக்கற்களைக் கண்டார். எழுத்துகள் ஸ்காண்டிநேவியாவின் பழைய ரூன் எழுத்துகளைப் போல நேர்க்கோடுகளும் கோணங்களுமாக இருந்தன. தங்கள் முன்னோர் எழுதியவையாக இருக்குமோ என்ற ஆவல் பின்லாந்து அறிஞர்களுக்கு எழுந்து, 1890இல் அவர்கள் ஒரு குழுவை அனுப்பினார்கள். 1891இல் ராட்லோஃபின் தலைமையில் ரஷ்யக் குழு போய்ப் படியெடுத்து வந்தது. கல்லின் ஒரு பக்கத்தில் சீன எழுத்தும் இருந்ததால், அது குல் தெகின் என்ற இளவரசனுக்காக 732இல் எழுப்பப்பட்டது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. மறுபக்கங்கள்தான் பேசவில்லை.

ராட்லோஃப் சில எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டிருந்தபோது, 1893 நவம்பரில் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தோம்சென் முழுத் திறப்பையும் கண்டுவிட்டார். வானத்தையும் கடவுளையும் குறிக்கும் 'தெங்ரி' அவர் படித்த முதற்சொற்களில் ஒன்று; 'குல் தெகின்' என்ற பெயரும், 'துருக்' என்ற சொல்லும் உடன் வந்தன. குறிகள் நாற்பதுக்கு நெருக்கமாக இருந்தன. சாதாரண அகரவரிசைக்கு அது அதிகம், அசையெழுத்துக்கோ குறைவு. ஒரே மெய்யொலிக்கு இரண்டு குறிகள் இருப்பதையும், ஒன்று முன்னுயிர்ச் சொற்களிலும் மற்றொன்று பின்னுயிர்ச் சொற்களிலும் மட்டுமே வருவதையும் தோம்சென் கண்டார். எவ்லெர், அத்லார் என்று மேலே பார்த்தோமே, அந்த உயிரொலி இயைபை எட்டாம் நூற்றாண்டுத் துருக்கியர் தங்கள் மெய்யெழுத்துகளிலேயே குறித்து வைத்திருந்தார்கள்.

சாவியைக் கண்டவர் தோம்சென் என்றாலும், மொழிபெயர்ப்பை முதலில் வெளியிட்டவர் ராட்லோஃப். தோம்சென் தந்த எழுத்து மதிப்புகளைக் கொண்டு 1894லேயே அவர் அதை அச்சிட்டுவிட்டார். தோம்சென் பொறுமையாக 1896இல்தான் தம் பதிப்பைக் கொண்டுவந்தார். இரண்டில் நிலைத்தது அதுதான். வேகம் ராட்லோஃபின் பலம். இந்த இடத்தில் அதுவே அவருடைய பலவீனமும் ஆனது. கல்லில் இருந்தது என்ன என்று கேட்டால், சீனத்தின் இனிய சொல்லுக்கும் மென்பட்டுக்கும் மயங்கிக் கெட்டுப்போகாதீர்கள் என்று தம் மக்களை எச்சரிக்கும் ஒரு ககானின், அதாவது துருக்கியப் பேரரசனின், குரல். அதுவரை பெரும்பாலும் சீன வரலாற்றேடுகள் போன்ற பிறரது எழுத்துகளின் வழியாகவே தெரிந்திருந்த மக்கள், முதன்முறையாகத் தங்கள் மொழியில் தாங்களே பேசினார்கள்.

எல்லாக் கல்லும் மண்ணும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை என்பதையும் தொடக்கநிலை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1865இல் ராட்லோஃப் அல்தாயில் பெரெல், கத்தந்தா ஆகிய இடங்களிலிருந்த புதைமேடுகளைத் தோண்டினார். உள்ளே கசிந்த நீர் உறைந்து பனியாகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மயிர்த்தோல் ஆடைகளை மட்காமல் காத்து வைத்திருந்தது. ஆனால் அவற்றை உடுத்தியவர்கள் பேசிய மொழிக்கு ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை. அவர்கள் துருக்கியர் என்ற பெயர் வரலாற்றில் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள். இன்று அங்கே துருக்கிய மொழி பேசுகிறார்கள் என்பதால் அன்று புதைக்கப்பட்டவர்களையும் துருக்கியர் என்று எழுதிவிடும் வழக்கம் ஆர்வலர்களின் கட்டுரைகளில் அடிக்கடி தென்படுகிறது. நிலம் ஒன்றாக இருந்தாலும் மொழி மாறியிருக்கலாம்; துருக்கியியல் பயில்கிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது.

ராட்லோஃப் 1894 முதல் பீட்டர்ஸ்பர்கின் மானிடவியல், இனவரைவியல் அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக இருந்து, 1918இல் அந்நகரிலேயே காலமானார். அவரிடம் பயின்றவர்களில் நிக்கோலாய் கத்தானோவ் என்பவர் அபக்கான் பகுதியில் 1862இல் பிறந்தவர். 'அஸக்' என்று சொல்லும் மொழிதான் அவருடைய தாய்மொழி. ராட்லோஃப் குதிரையேறி வந்து கேட்டு எழுதிய மக்களிடமிருந்தே, எழுதும் கையும் ஒன்று வந்துவிட்டது. 1889 முதல் 1892 வரை சைபீரியா, மங்கோலியா, கிழக்குத் துர்க்கெஸ்தான் ஆகிய பகுதிகளில் சுற்றித் திரிந்த கத்தானோவ், 1903இல் துவா மொழியைப் பற்றி மிக விரிவான இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். ஆசிரியரின் பத்துத் தொகுதிகளில் ஒன்பதாவது, 1907இல் அவர் தொகுப்பாகவே வந்தது. கசானில் அவர் சேர்த்து வைத்திருந்த பெரிய நூலகத்தை, முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஒட்டோமான் தரப்பினர் விலைக்கு வாங்கிக்கொண்டனர். பத்தாண்டுகள் கழித்து, 1924இல், துருக்கி அறிஞர் ஃபுவாத் கொப்ருலு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் துருக்கியியல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதன் நூலகத்துக்கு அடிப்படையாக அமைந்தவை சைபீரியாவில் பிறந்த அந்த ககாஸ் அறிஞரின் புத்தகங்கள்தாம்.